வேலையை விடாமல் பட்டப்படிப்பு: காசு கட்டுமுன் போட வேண்டிய கணக்கு



போன மாசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி எங்களைத் தேடி வந்தார். கையில் ஒரு விளம்பரத் தாள். வீட்டில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் படித்து 18 மாதத்தில் பட்டதாரி ஆகலாம் என்று அதில் போட்டிருந்தது.

"மிஸ், இதுக்குக் காசு கட்டவா? மொதல் தவணைக்குச் சங்கிலிய அடகு வைக்கலாம்னு இருக்கேன். திங்கக்கிழமைக்குள்ள கட்டணும்னு சொல்றாங்க."

உயர்தரம் சித்தியடைந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் கொழும்பில் கடையில் வேலை. அவசரப்படாதீங்க, நாளைக்கு வீட்டுக்கு வாறோம் என்று சொல்லி அனுப்பினோம். ஞாயிறு அவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசியதைத்தான் இம்முறை பாடமாக எழுதுகிறோம். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. வேலை செய்துகொண்டு தூரத்திலிருந்து பட்டம் படிப்பது ஏமாற்று வேலை அல்ல. நேற்று முளைத்த விஷயமும் அல்ல. 1963இல் பிரித்தானியாவின் ஹரோல்ட் வில்சன், வானொலி, தொலைக்காட்சி வழியாகத் தொழிலாளருக்கும் பல்கலைக்கழகம் வேண்டும் என்று பேசினார். அவர் பிரதமரான பின் அதை விடாப்பிடியாக நின்று செய்து முடித்தவர் ஜெனி லீ என்ற அமைச்சர். அந்த அம்மையார் ஸ்கொட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். 1969இல் திறந்த பல்கலைக்கழகம் உருவானது. 1971இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் படிக்கத் தொடங்கினார்கள். உயர்தரச் சித்தி கேட்கப்படவில்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. உயர்தரம் சித்தியடையாதவர்கள் அடிப்படைக் கற்கைநெறி ஒன்றை முடித்து மேலே போகும் வழி அங்கே உண்டு.

ஆகவே பட்டம் படிக்கலாமா என்பது கேள்வி இல்லை. இந்தத் தாளில் உள்ள படிப்பு, வேலை செய்கிற ஒரு மனுஷிக்காகச் செய்யப்பட்டதா என்பதே கேள்வி. அதைக் கண்டுபிடிக்கக் கொப்பியும் பேனையும் போதும்.

மணித்தியாலக் கணக்கு

இலங்கையில் பட்டங்களை அளப்பதற்கு ஒரு தேசிய அளவுகோல் இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்று அதற்குப் பெயர். அதன்படி ஒரு திறமைப்புள்ளி என்பது ஒரு மாணவர் 50 மணித்தியாலம் செய்யும் படிப்பு. வகுப்பு மட்டும் இல்லை. வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்கு ஆயத்தமாவது எல்லாம் சேர்த்துத்தான் 50. சாதாரண இளமாணிப் பட்டத்துக்கு 90 திறமைப்புள்ளி வேண்டும். தொண்ணூறை ஐம்பதால் பெருக்கினால் 4,500 மணித்தியாலம்.

விளம்பரம் சொல்கிற 18 மாதம் என்றால் 78 கிழமை. 4,500ஐ 78ஆல் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 58 மணித்தியாலம். ஞாயிறும் தீபாவளியும் சேர்த்து, ஒரு நாள் தவறாமல், தினமும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல்.

"அப்ப வேலைக்கு எப்பப் போறது?" என்று தங்கச்சியின் அம்மா கேட்டார். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கணக்கு அவருக்குச் சட்டென்று விளங்கியது.

ஏற்கனவே முடித்த டிப்ளோமாவின் புள்ளிகளை ஏற்றுக்கொண்டு காலத்தைக் குறைக்கிற இடங்கள் உண்டு. அது நியாயமான முறை. தங்கச்சியிடம் அப்படி ஒரு டிப்ளோமா இல்லை. ஆகவே இந்தப் 18 மாதம் என்பது, ஒன்று படிப்பைக் குறைத்துக் கொடுப்பது, அல்லது பட்டமே இல்லாத ஒன்றைக் கொடுப்பது.

பிறகு அவருடைய உண்மையான கிழமையை எழுதினோம். காலை நாலரைக்கு எழும்பினால் இரவு எட்டரை வரை வேலை, சமையல், பிள்ளைகள். கிழமை நாளில் நாலு இரவு, ஒன்றரை மணித்தியாலம் வீதம் ஆறு. சனி பின்னேரம் இரண்டு. ஞாயிறு நாலு. மொத்தம் 12. சுகமில்லாத நாள், திருவிழா, கலியாணம், சாவு என்று வருசத்துக்கு நாலு கிழமையைக் கழித்தால் 48 கிழமை. பெருக்கினால் 576 மணித்தியாலம்.

4,500ஐ 576ஆல் பிரித்தோம். ஏறத்தாழ எட்டு வருசம்.

"எட்டு வருசமா! அதுக்குள்ள சங்கிலி மூழ்கியே போயிரும்" என்றார் அம்மா. தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்களுக்கும் சங்கடந்தான். ஆனால் இந்த எண்ணை மறைத்துவிட்டு ஆசை காட்டுவது பாவம். இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே சட்டகத்தில் 30 திறமைப்புள்ளிக்கு டிப்ளோமா, 60க்கு உயர் டிப்ளோமா. 30 புள்ளி என்றால் 1,500 மணித்தியாலம். தங்கச்சியின் வேகத்தில் இரண்டரை வருசத்துக்குச் சற்று மேல். இப்படிப் படிப்படியாக ஏறி, நடுவில் நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்படி அமைத்த கற்கைநெறிகள் உண்டு. தோட்டத்து நிலைமைக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

நல்ல கற்கைநெறி எப்படித் தயாராகிறது

வகுப்பறையில் பேசுவதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டால் அது இணையவழிப் படிப்பு ஆகிவிடாது. ஒன்றரை மணித்தியால வீடியோ ஒன்றை லயத்தில் இருந்து பார்க்கிறவர் யார்? பாதியில் சிக்னல் போய்விடும், டேட்டாவும் முடிந்துவிடும், சின்னவன் எழும்பி அழுவான்.

நன்றாகச் செய்கிறவர்கள் எழுத உட்காருமுன்னரே, இதைப் படிப்பவர் செவ்வாய் இரவு எட்டரைக்கு எங்கே இருப்பார், கையில் என்ன இருக்கும் என்று கேட்டுக்கொள்வார்கள். அதன்படி பாடத்தை இருபது, முப்பது நிமிசத் துண்டுகளாக வெட்டுவார்கள். டவுனில் சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் இணையம் இல்லாமல் வாசிக்கக்கூடியதாகக் கொடுப்பார்கள். ஆசிரியர் எதிரில் இருந்து பேசுவது போல் எழுதி, நடுநடுவே கேள்வி கேட்டு, விடையைச் சில பக்கம் தள்ளி வைப்பார்கள். நாலு பாடத்து ஒப்படைகளையும் ஒரே கிழமையில் கேட்கமாட்டார்கள்.

இப்படிப் பாடங்களை வைப்பதற்குப் பல பல்கலைக்கழகங்கள், இலங்கையிலும், மூடில் என்ற கணினி ஏற்பாட்டைப் பயன்படுத்துகின்றன. 2002இல் அதை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில், பாடசாலைக்குப் போக வழியில்லாத தூரத்தில் வளர்ந்தவர். சிறு வயதில் வானொலியில் ஆசிரியரின் குரலைக் கேட்டுப் படித்தவர். தூரத்தின் கஷ்டம் தெரிந்தவர் செய்த சாமான் என்று சொல்லலாம். ஆனாலும் சாமான் சாமான்தான். அதில் ஆசிரியர் பதில் எழுதாவிட்டால் அது வெறும் அலுமாரி.

பதில் எழுதுகிற ஆள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். தொலைக்கல்வியில் விட்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் ஆரம்பக் கிழமைகளிலேயே, முதல் ஒப்படைக்கு முன்னாலோ அதை ஒட்டியோ போய்விடுகிறார்கள். மூளை இல்லாததால் அல்ல. கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். கேள்வி விளங்கியிருக்காது. கேட்க வெட்கம். கேட்டும் பதில் வந்திருக்காது.

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்த கில்லி சல்மன் என்ற ஆசிரியை, இணையவழி வகுப்பு நடத்துவதை ஐந்து படிகளாகப் பிரித்து 2000இல் ஒரு நூலில் எழுதினார். முதற்படி உள்ளே நுழையப் பழக்குவது. இரண்டாவது, ஒருவரை ஒருவர் அறிமுகமாக்குவது. இவை இரண்டுக்கும் பிறகுதான் தகவல் பரிமாற்றம், சேர்ந்து யோசிப்பது, தானாக மேலே போவது என்பவை வருகின்றன. முதல் இரண்டு படியைத் தாண்டிக் குதித்து நேரே பாடத்தைக் கொட்டுகிற இடத்தில் ஆட்கள் மௌனமாக மறைந்து போவார்கள்.

நல்ல நெறியாளர் எப்படி இருப்பார்? ஓர் உதாரணம். முன்பிள்ளைப் பருவப் பாடத்தில் ஒரு கேள்வி: "மூன்று வயதுப் பிள்ளை பகல் சாப்பாட்டை மறுக்கிறது. ஏன் என்று எப்படிக் கண்டறிவீர்கள்?" தங்கச்சியிடமே கேட்டுப் பார்த்தோம்.

"மொதல்ல காலையில யாரு கொண்டாந்து விட்டாங்கன்னு பாப்பேன் மிஸ். அம்மா வெளிநாட்டுக்குப் போன பிள்ளைங்க கொஞ்ச நாளைக்குச் சாப்பிடாது. சிலது தேத்தண்ணியும் பிஸ்கட்டும் நெறையக் குடுத்து அனுப்புறதால பசிக்காது. வாய்ப்புண்ணும் பாக்கணும்."

இந்தப் பதிலுக்கு ஓர் ஆசிரியர் "போதாது, பாடநூலைப் பார்க்கவும்" என்று எழுதலாம். இன்னொருவர் இப்படி எழுதுவார்: "மூன்று காரணம் சொன்னீர்கள், மூன்றும் வேறு வேறு வகை. முதலாவது மனம், இரண்டாவது பழக்கம், மூன்றாவது உடம்பு. இரண்டாம் அலகில் முதலாவதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து, நீங்கள் கண்ட ஒரு பிள்ளையின் ஒரு கிழமையை அரைப் பக்கத்தில் எழுதுங்கள்." பதில் எழுத எடுப்பது பத்து நிமிசம். பிள்ளைக் காம்பராவில் வருசக்கணக்காகச் சேர்த்த அறிவு அங்கேதான் படிப்பாக மாறுகிறது. இருபது வயது மாணவனிடம் இல்லாத ஒன்று வேலை செய்கிற பெண்ணிடம் இருக்கிறது. அதைத் தொடாத படிப்புக்கு ஏன் காசு கட்ட வேண்டும்?

திங்கட்கிழமைக்கு முன்

அதனால் தங்கச்சியைப் பணத்தோடு அனுப்பாமல் கேள்விகளோடு அனுப்பினோம். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? இங்கே பாடம் நடத்துகிற நிலையத்தின் பெயர் அல்ல, பட்டத் தாளில் வருகிற பெயர் வேண்டும். அந்தப் பெயரையும் பட்டத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு, அது அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். அரச வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இதுதான் பார்க்கப்படும். எத்தனை திறமைப்புள்ளி? தமிழில் படிக்கலாமா, பரீட்சையும் தமிழிலா? (முதலாவது ஆம், இரண்டாவது இல்லை என்று பிறகு தெரியவந்து தவித்தவர்கள் உண்டு.) பரீட்சை எந்த ஊரில்? என்னுடைய நெறியாளர் யார், எத்தனை நாளில் பதில் வரும்? ஒரு பாடத்தின் முதல் அலகை இப்போதே காட்டுவீர்களா? நடுவில் ஒரு வருசம் நிறுத்தினால் கட்டிய காசு என்ன ஆகும்?

திங்கட்கிழமை அவர் தொலைபேசியில் கேட்டார். பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை மூன்று முறை கேட்டும், "எல்லாம் ஓகே, நீங்க மொதல்ல காசக் கட்டுங்க" என்றே பதில் வந்ததாம். சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது. இப்போது முறையான டிப்ளோமா ஒன்றுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

அம்மாதான் கடைசியில் ஒன்று கேட்டார். "சரி மிஸ், ஞாயித்துக்கிழமை நாலு மணித்தியாலம் இவ படிக்கிறா. உடுப்பு யாரு தொவைக்கிறது?"

அதை அந்த வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை. கணவர் அடுத்த போயாவுக்கு வருகிறார். உங்கள் வீட்டிலும் யாராவது படிக்க நினைத்தால், கிழமையின் ஏழு நாளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு நாளும் எத்தனை மணித்தியாலம், அந்த நேரத்தில் அடுப்பும் பிள்ளையும் யார் பொறுப்பு என்று பெயரோடு போட்டுப் பாருங்கள்.