பலூனில் ஏறிப் பார்த்த மண் வேலை



சர்வே பிராக்டிகலில் வெயிலில் ஸ்டாஃப் பிடித்து நிற்கும்போது, "மேலே ஏறிப் பார்த்தா பிளான் பூரா தெரிஞ்சிடுமே" என்று நாம் புலம்பாத நாள் உண்டா? 1906-லேயே ஒருவர் அப்படிப் பார்த்துவிட்டார்.

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் என்றதும் பெரிய கற்கள்தான் நினைவுக்கு வரும். அவற்றைச் சுற்றிச் சுமார் 110 மீட்டர் விட்டத்தில் வட்டமான பள்ளமும் மண் கரையும் உண்டு. ஏறக்குறைய கி.மு. 3000-ல் மான் கொம்பால் தோண்டியவை. பெரிய கற்கள் வந்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். ஆக, அங்கேயும் முதலில் நடந்தது எர்த் ஒர்க்!

தேய்ந்துபோன அந்தக் கரையைத் தரையில் நின்று முழு வட்டமாகப் பார்ப்பது கஷ்டம். 1906-ல் லெப்டினன்ட் ஷார்ப் என்பவர் ராணுவ பலூனில் இருந்து படம் எடுத்தார். வட்டமும், அதிலிருந்து கிளம்பும் பாதையும் பளிச்சென்று விழுந்தன. பிரிட்டனில் ஒரு தொல்லிடத்தை வானிலிருந்து எடுத்த முதல் படங்கள் அவை.

பிறகு 1921-ல் விமானப்படை எடுத்த படங்களை 1923-ல் கிராஃபோர்ட் என்ற ஆய்வாளர் உற்றுப் பார்த்தார். உழுது மறைந்த அந்தப் பாதையின் மிச்சம் ஏவான் ஆற்றை நோக்கிப் போகும் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தது. தோண்டினார்கள், பள்ளம் இருந்தது. 1925-ல் விமானி இன்ஸால், அருகிலேயே இன்னொரு வட்டத்தைக் கண்டார். அதுதான் வுட்ஹெஞ்ச். மரத்தூண்கள் நட்ட குழிகள் ஆறு வளையங்களாக அங்கே கிடைத்தன.

மூடிப்போன பள்ளம் எப்படித் தெரிகிறது? தூர்ந்த இடத்தில் மண் ஆழமாக இருக்கும், ஈரம் நிற்கும். அதன்மேல் பயிர் உயரமாக, பச்சையாக வளரும். அடியில் சுவர் இருந்தால் பயிர் குட்டையாகிச் சீக்கிரம் மஞ்சளாகும்.

இதைப் பெருமையாக வீட்டில் சொன்னேன். கையெழுத்துகூடப் போடத் தெரியாத என் அப்பா சிரித்தார். "பழைய கிணத்தைத் தூர்த்த எடத்துல சோளம் ஒசந்துதான்டா நிக்கும். பாறை மேல மொதல்ல காயும். இதுக்கு பலூன் எதுக்கு?" என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்தான், ஆனால் முதலில் தெரிந்துகொண்டவன் நானில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நண்பர்களே, நாளை சைட்டில் புல்டோசரை இறக்கச் சொல்லப் போவது நாம்தான். சமன் செய்த மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது. அதற்குமுன் ஒரு படம் எடுப்போம். அந்த ஊர்ப் பெரியவரிடமும் ஒரு வார்த்தை கேட்போம்.