வளர்ப்பு மீன் தப்பிப் போகாமற் காத்தல்

பண்ணைக் குட்டை வெட்டிப் பாய்ச்சலுக்கு நீர் சேமிப்பதோடு, அதில் மீனும் விட்டு வளர்ப்பது நமது ஜில்லாவில் வழக்கமாகியிருக்கிறது. மீன்குஞ்சு கிடைக்கும் இடத்தையும் தீவனத்தின் விலையையும் விசாரிப்பவர் அநேகர். விட்ட மீனைக் குட்டையிலேயே நிறுத்திக்கொள்ளும் விதத்தை விசாரிப்பவர் சிலரே.

வெள்ளியங்கிரி மலைச் சாரலில் தோன்றும் நொய்யலாறு, கோயமுத்தூர்க் குளங்களுக்கும் சூலூர்ப் பெரிய குளம், சின்னக் குளங்களுக்கும் நீரளித்துத் திருப்பூர் வழியாகச் சென்று காவிரியிற் கலக்கிறது. ஒரு குளத்தின் கலிங்கில் வழியும் நீர் ஆற்றுக்கோ அடுத்த குளத்துக்கோ போகும். ஆகையால் தோட்டத்துக் குட்டையிலிருந்து பள்ளத்தில் இறங்கிய மீன் ஒருவருடைய நஷ்டமாக மட்டும் நிற்பதில்லை.

கட்லா, ரோகு, மிர்கால் தப்பினால் நஷ்டம் பெரும்பாலும் வளர்த்தவருக்கே. கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளின் மீன்களாகிய இவை, தேங்கிய குளத்தில் சாதாரணமாக இனம் பெருக்குவதில்லை. நம்மவர் ஜிலேபி என்னும் திலேப்பியாவோ அப்படியன்று. 1952ஆம் வருஷத்தில் இது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இது பிற மீன்களை நெருக்கிவிடும் என்று கண்டு, 1959இலேயே இதைப் பரப்பலாகாதென்று தடை செய்தார்கள். அதற்குள் காரியம் கைமீறிற்று. அமராவதி, பவானிசாகர், வைகை அணைகளில் பிடிபடும் மீனில் இது கணிசமான பங்கு பெற்றது. இரண்டு மூன்று மாதத்திலேயே பருவமடைந்து, பெண்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் ஜாதி இது. அப்படிப்பட்ட ஒரு பெண்மீன் வெளியேறினால் ஒரு குடும்பமே வெளியேறியதாகும். இப்பொழுது அனுமதி பெற்று வளர்க்கப்படும் மேம்படுத்திய திலேப்பியாவை ஆண்குஞ்சுகளாகவே விற்கிறார்கள். எனினும் நூற்றுக்கு நூறும் ஆணாக அமைவது அரிது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதே தடை செய்யப்பட்டது. அது காற்றைச் சுவாசித்து ஈரத்தரையில் ஊர்ந்தும் போகக்கூடியது. அதற்குத் தட்டி பரிகாரமாகாது.

மீன் தப்புவது தெய்வச் செயல் என்று விட்டுவிடுவதற்கில்லை என்பதற்கு நார்வே தேசத்தின் அனுபவமே சான்று. அங்கே கடலில் வலைக்கூண்டுகளில் சால்மன் மீன் வளர்க்கிறார்கள். காரணங்களை ஆராய்ந்ததில், கூண்டும் வலையும் பழுதானதே முதன்மையாக இருந்தது. 2004 முதல் கூண்டு, வலை, நங்கூரம் ஆகியவை குறித்த தரத்தில் இருக்கவேண்டுமென்று சட்டமாக்கினார்கள். தப்பியவற்றை உடனே தெரிவிப்பதும் கட்டாயம். 2001 முதல் 2006 வரை வருஷத்துக்குச் சராசரி 6 லட்சத்துக்கு மேல் தப்பியது, 2007 முதல் 2009 வரை 2 லட்சத்துக்குள் குறைந்தது. அதே காலத்தில் வளர்க்கப்பட்ட மீனின் தொகையோ பெருகியிருந்தது.

நமது குட்டைக்குக் கடல் அலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு. ஓர் ஏக்கர்க் குட்டையில் 5 சென்டிமீட்டர் மழை நேராக விழுந்தாலே 2 லட்சம் லிட்டர் நீர் சேரும். சுற்றுநிலத்து நீரும் வந்து புகுந்தால் கணக்கே வேறு. இந்நீர் முழுவதும் போக்குமடையின் தட்டி வழியாகவே வெளியேற வேண்டும். தட்டியில் சருகு அடைத்துக்கொண்டால் நீர் கரைமேல் ஏறும், கரை உடையும். தட்டியே இல்லாத குட்டையில் சில மீன் போகும். அடைத்த தட்டியுள்ள குட்டையில் எல்லாம் போகும். பலர் தட்டியை வெறுப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் வெறுப்பு நியாயமே. ஆனால் குற்றம் தட்டியின் அளவில் இருக்கிறது.

1 மில்லிமீட்டர்க் கண்ணும் அரை மில்லிமீட்டர் இழையும் உள்ள வலையில், நீர் செல்லும் இடம் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 44 பங்கே. பாதி சருகால் மூடினால் 22 பங்கு. ஆகவே மடைவாயின் அளவுக்கே தட்டியை வெட்டி அறைந்தால் அது மழைநாளில் பயன்படாது. மடைவாயின் பரப்பைப்போல் 5 பங்குக்குக் குறையாத பரப்புள்ள பெட்டி வடிவான தட்டியை மடைக்கு உட்புறம் அமைக்க வேண்டும். அதற்கு முன்னே மூங்கில் தட்டி ஒன்றைச் சருகு தடுக்க நிறுத்துவது நலம். கண்ணின் அளவு, குட்டையிலுள்ள மிகச் சிறிய மீனின் உடற்பருமனுக்குக் குறைந்திருத்தல் வேண்டும். மீன் வளர வளரப் பெரிய கண் தட்டிக்கு மாற்றலாம். குஞ்சு இடும் திலேப்பியாவுக்கு மட்டும் இவ்வாறு மாற்றலாகாது. நைலான் வலை வெயிலில் நைந்துபோகும். விரலால் இழுத்தால் அறுகிற வலையை அன்றே மாற்றுக.

வாய்க்கால் நீர் பாயும் குட்டைக்கு வரத்துமடையிலும் தட்டி வேண்டும். மீன் எதிர்நீரில் ஏறும் சுபாவமுடையது. கரை, நிறைந்த நீர்மட்டத்துக்கு மேல் 60 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். நண்டுவளை, எலிவளைகளை மழைக்கு முன்னே களிமண்ணிட்டு இடித்து அடைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும், இரவில் தட்டியை வழிக்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் பயனில்லை. குட்டைக்காரர் தமது பண்ணையாட்களில் இருவருக்கேனும் இவ்வேலையைப் பழக்குக. முதலில் இரண்டாவது தட்டியை இறக்கி, பின்பே முதல் தட்டியைத் தூக்கிக் கழுவ வேண்டும். இந்த முறையை மழை இல்லாத பகலில் நாலைந்து தடவை செய்துகாட்டினாற்றான் இருட்டில் கை தவறாது. இழுவலை போடும் நாளிலும், மோட்டார் வைத்து நீர் இறைக்கும் நாளிலும் கவனம் இரட்டிப்பாக வேண்டும். புட்வால்வைச் சுற்றி வலைக்கூடை கட்டாமல் இறைத்தால், பொடிக்குஞ்சுகள் பாத்தி வழியே பள்ளம் சேரும்.

கிராம நிர்வாக அலுவலர்கள், தம் கிராமத்தில் எந்தக் குட்டையில் எந்த மீன் உள்ளது, அதன் உபரி நீர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று ஒரு குறிப்பு வைத்திருப்பார்களானால் உதவியாயிருக்கும். கரை உடைந்தால், மீனின் ஜாதி, உத்தேசத் தொகை, உடைந்த இடம் ஆகியவற்றை அன்றைக்கே மீன்வளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மீன் கலைந்து போகுமுன் பள்ளத்தின் முதல் மடுவிலேயே வலை வீசுவது, மறுநாள் குளத்தில் தேடுவதைவிட எளிது.