தாத்தாவின் ஆமைக் காடி: மாடல் கிட்டை நம்ம வீட்டு வண்டியாக மாற்றுவது எப்படி?



பெட்டியில் வரும் மாடல் கார் கிட் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். ஜப்பானில் வாங்கினாலும் ஈப்போவில் வாங்கினாலும் அதே அச்சு, அதே பாகங்கள். ஆனா நம்ம வீட்டு வாசலில் நிற்கிற காடி உலகத்திலேயே ஒன்றுதான். அதன் நம்பர், வெயிலில் மங்கிய நிறம், மட்கார்டில் விழுந்த நசுங்கல், டேஷ்போர்டில் ஒட்டின பிள்ளையார், எல்லாம் சேர்ந்தால்தான் அது நம்ம காடி. கிட்டை அந்த ஒரு காடியாக மாற்றுவது எப்படி என்பதே இந்த மாதப் பாடம். இதற்குக் கைத்திறமை கொஞ்சம் இருந்தால் போதும். பார்க்கிற கண்ணும் பொறுமையும்தான் அதிகம் வேணும்.

நான் செய்தது எங்க தாத்தாவின் வோக்ஸ்வேகன் 1300. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் அவர் கிராணியாக இருந்தபோது, 1970இல் வாங்கினார். தோட்டத்தில் எல்லாரும் ‘ஆமைக் காடி’ன்னுதான் சொல்வாங்க. அவர் காலமான பிறகு காடியை விற்றுவிடலாம் என்று வீட்டில் பெரியவங்க முடிவு செய்தாங்க. வாங்கியவர் வந்து எடுத்துப்போக மூன்று வாரம் இருந்தது. தாத்தா வேலை செய்த தோட்டத்து லயங்கள் இப்போ இல்லை, அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. காடியும் போய்விட்டால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட என்ன மிஞ்சும்? அந்த மூன்று வாரத்தையும் அளவெடுக்கப் பயன்படுத்திக்கொண்டேன். கிட்டை ஒட்டுவது பிறகு எப்போ வேண்டுமானாலும் செய்யலாம். அளவெடுக்க காடி நம்ம கண் முன்னால் இருக்கணும்.

1. சரியான கிட்டைத் தேர்ந்தெடுங்கள்

தமியா நிறுவனம் 1/24 அளவில் ‘வோக்ஸ்வேகன் 1300 பீட்டல்’ கிட் வெளியிட்டிருக்கிறது. அது 1966ஆம் ஆண்டு மாடல். 1/24 என்றால் என்ன? உண்மைக் காரில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம். மில்லிமீட்டரில் அளந்தால் 24ஆல் வகுக்கணும், அவ்வளவுதான்.

முதலில் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து பாருங்க. ஆமைக் காடிக்கு இது 2,400 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் சரியாக 100 மில்லிமீட்டர். கிட்டில் அடிக்கோலை வைத்துப் பார்த்து, அளவு ஒத்துப்போனால் அடித்தளம் சரி என்று அர்த்தம். உங்க வீட்டில் வேறு கார் இருந்தாலும் இந்த முதல் கணக்கை விடாதீங்க.

2. படம் எடுக்கும் முறை

கைப்பேசியைக் காருக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, வால் சிறுத்துத் தெரியும். பத்தடிக்கு மேல் தள்ளி நின்று, பெரிதாக்கி எடுங்க. கேமரா காரின் விளக்கு உயரத்தில் இருக்கட்டும். கதவில் ஓர் ஏ4 தாளை ஒட்டிவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது. அந்தத் தாள் 210க்கு 297 மில்லிமீட்டர் என்று நமக்குத் தெரியும். அளக்க மறந்துபோன பாகத்தைக்கூட பிறகு படத்தில் அந்தத் தாளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுக்கலாம்.

முன், பின், இரண்டு பக்கம், நான்கு மூலை, உள்ளே, அடியில் என்று குறைந்தது பன்னிரண்டு படம் வேணும்.

3. வித்தியாசப் பட்டியல் போடுங்கள்

முக்கியமான வேலை இதுதான். கிட் 1966, எங்க காடி 1970. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனா 1967 ஆகஸ்டில் வோக்ஸ்வேகன் 1300 மாடலில் நிறைய மாற்றினாங்க. படங்களையும் கிட் பாகங்களையும் பக்கத்தில் வைத்து நான் எழுதிய பட்டியல் இது:

முன் விளக்கு: கிட்டில் பின்னால் சாய்ந்த கண்ணாடி. எங்க காடியில் நிமிர்ந்து நிற்கிற வட்டக் கண்ணாடி.

பம்பர்: கிட்டில் வளைந்த மெல்லிய தகடும் மேலே குழாயும். காடியில் பெட்டி மாதிரி நேரான பம்பர்.

பின் விளக்கு: காடியில் இன்னும் பெரிசு.

பெட்ரோல் மூடி: பழைய மாடலில் முன் பானட்டைத் திறந்துதான் ஊற்றணும். காடியில் வலப்பக்கம், கதவுக்கு முன்னால் தனிக் கதவு இருக்கு.

சக்கரம்: பழையதில் ஐந்து போல்ட், காடியில் நான்கு.

ஸ்டியரிங்: நம்ம நாட்டில் வலப்பக்கம். கிட்டில் இடப்பக்கம் என்றால் டேஷ்போர்டு, மிதிகள் எல்லாம் மாறணும். வைப்பர் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்குன்னும் படத்தில் பாருங்க.

1968 முதல் வோக்ஸ்வேகன் கார்களை ஷா ஆலமிலேயே பொருத்தினாங்க. அதனால் உங்க ஊரில் மிஞ்சியிருக்கிற பல ஆமைக் காடிகளுக்கும் இந்தப் பட்டியல் உதவும்.

4. வெட்டி ஒட்டும் வேலை

விளக்கிலிருந்து தொடங்கினேன். காடியில் கண்ணாடியின் குறுக்களவு 180 மில்லிமீட்டர் வந்தது. 24ஆல் வகுத்தால் 7.5. பழைய சாய்ந்த குழியைப் பட்டி வைத்து அடைக்கணும். மொத்தமாக அப்பாதீங்க. மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு ராத்திரி காயவிட்டு இன்னொரு பூச்சு. காய்ந்த பிறகு 400, 800, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, 7.5 மில்லிமீட்டரில் புது வட்டம் குடையுங்க.

பம்பருக்குப் பிளாஸ்டிக் பட்டை போதும். சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும், அப்போ முனையை வளைக்கலாம். பெட்ரோல் கதவைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஊசி முனையால் கோடு கீறினாலே கதவு மாதிரி தெரியும்.

கத்தியை எப்பவும் விரலுக்கு எதிர்ப்பக்கமாக இழுங்க. பசையும் சாயமும் காற்றோட்டமான இடத்தில், முகமூடியோடு. சின்னப் பிள்ளைகள் பெரியவங்க துணையோடு செய்யணும்.

தஞ்சோங் மாலிம் புரோட்டோன் தொழிற்சாலையில் வேலை செய்கிற தம்பிகளுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் என்னன்னு தெரியும். மாடலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் உண்மைக் காரில் 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம் பிசகின மாதிரி.

5. நிறமும் நம்பரும்

காரின் வெளிப்புறச் சாயம் வெயிலில் வெளுத்திருக்கும். அசல் நிறம் தெரியணும்னா கதவு ரப்பருக்கு அடியில், பானட்டின் உள்பக்கம் பாருங்க. சின்னப் பொருளில் அதே சாயம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், அதனால் சில துளி வெள்ளை கலந்துக்கணும்.

நம்பர் தகட்டில் எழுத்து 70 மில்லிமீட்டர் உயரம். மாடலில் 2.9. பேராக் வண்டி, அதனால் ‘ஏ’வில் தொடங்கும். கணினியில் கறுப்பில் வெள்ளை எழுத்தாக அடித்து, நீரில் ஊறவைத்து ஒட்டும் தாளில் அச்சிட்டால் அசல் மாதிரியே இருக்கும்.

6. நசுங்கலை நிமிர்த்தலாமா?

வலது முன் மட்கார்டில் கையகல நசுங்கல் ஒன்று இருந்தது. மாடலில் அதை விட்டுவிட்டு வழவழன்னு செய்யலாமா என்று பாட்டியிடம் கேட்டேன். “அதை எடுத்துட்டா அது உங்க தாத்தா காடியே இல்லப்பா” என்றார். ஒரு மழை ராத்திரியில் பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டும்போது, தோட்டத்துப் பாலத்தில் இடித்ததாம். தாயும் பிள்ளையும் பிழைத்தாங்க. தாத்தா கடைசிவரை அந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தவே இல்லை.

இந்தக் கதை எனக்கு அதுவரை தெரியாது. நசுங்கலைப் பற்றிக் கேட்டதால்தான் வெளியே வந்தது. அதனால் அளவெடுக்கும்போது வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்தில் உட்கார வையுங்க. ஒவ்வொரு கீறலையும் காட்டி “இது எப்போ விழுந்தது?” என்று கேளுங்க. பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, மாடலோடு சேர்த்து வையுங்க. மட்கார்டின் உள்பக்கம் பிளாஸ்டிக்கை மெலிசாகச் சுரண்டி, சூடான கரண்டிக் காம்பால் மெல்ல அழுத்தினால் நசுங்கல் வந்துவிடும்.

உங்களுக்கு ஒரு வேலை

ஆமைக் காடி உலகம் முழுக்க 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. கடைசி வண்டி 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையிலிருந்து வந்தது. எந்தக் காரும் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. இப்போ சாதாரணமாகத் தெரிகிற உங்க அப்பாவின் புரோட்டோன் சாகாவும் அப்படித்தான்.

வருகிற ஆயுத பூசைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்க. வருஷத்தில் கார் ரொம்பச் சுத்தமாக இருக்கும் நேரம் அதுதான். அளவு நாடா, ஏ4 தாள், கைப்பேசி, ஒரு நோட்டு போதும். பன்னிரண்டு படமும் பத்து அளவும் எடுத்து வையுங்க. கிட்டை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கலாம்.