அடையாற்றுக்குப் புறப்படும் பேத்திக்கு

மங்கலம்பேட்டையை விட்டு அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகிறாய், கண்ணு. உலோகமும் புரதமும் சேருமிடம்தான் இனி உன் வேலை. தாத்தா சொல்வதில் ஒத்துவருவதை மட்டும் வைத்துக்கொள்.

1. நிதானமாயிரு. கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளைக் குரோமியம் பிடித்துக்கொள்வதால்தான் தோல் பதமாகிறது. அறுபது சொச்சம் டிகிரியில் சுருங்கும் பச்சைத்தோல், பதமானபின் கொதிநீரையும் தாங்குகிறது. ஆனால் முதலில் அமிலம் தூக்கலாக இருக்க வேண்டும். குரோமியம் உள்ளே ஊறியபின் சோடாவைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் உலோகம் மேலேயே படியும், நடுப்பாகம் பச்சையாகவே நிற்கும். ஆம்பூரில் ஒரு பெரியவர் தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டுவாயில் நீலப்பச்சை முழுக்க ஓடியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். மேற்பக்கத்தை அவர் சட்டை செய்ததேயில்லை. உன் முடிவுகளையும் அப்படி வெட்டிப் பார்.

2. உலோகம் கிடைத்ததும் துள்ளாதே. எந்த வழியாக வந்தது என்று கேள். நிக்கல் ஏற்றிய பிசினில் புரதத்தைச் சுத்தம் செய்துவிட்டு, புரதத்தில் நிக்கல் இருக்கிறதென்று குதித்த பையனைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கமும் உண்டு. 1926இல் சம்னர் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கினார். 1946இல் நோபலும் பெற்றார். அந்த நொதிக்குள் நிக்கல் இருப்பது தெரியவந்தது 1975இல்தான்!

3. பக்கத்துக் கதவைத் தட்டக் கூச்சப்படாதே. இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரனுக்குக் கொலாஜன் தேவைப்பட்டபோது கங்காரு வால் தசைநார் கொடுத்தது நீ சேரப்போகும் நிறுவனம்தான். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் மூவிழை அமைப்பை வெளியிட்டார்; மறு ஆண்டே இருவரும் அதைத் திருத்தினார்கள். அணுக்கள் அவ்வளவு நெருங்க முடியாதென்று கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் மல்லுக்கு நிற்கவில்லை. எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கணக்கிட உட்கார்ந்தார். 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் அதிலிருந்து பிறந்தது. குறை கேட்டு முகம் சுளிக்குமுன் இதை நினைத்துக்கொள்.

4. கைவேலைக்காரர்களோடு பேசு. செம்பு சேர்த்த மெருகு, காற்றுள்ள சூளையில் பச்சை, காற்று குறைந்தால் சிவப்பு. விருத்தாசலத்துப் பீங்கான்காரர்களிடம் கேட்டுப் பார். சில புரதங்களுக்குள் அதே செம்பு நீலம். சூழல் மாறினால் நிறமும் மாறும்.

5. கழிவுநீரில் போவதையும் குறிப்பேட்டில் எழுது. மூவிணைதிறக் குரோமியம் தோலைப் பதமாக்கும். ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மேடாகக் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. முதல் விடுமுறையில் அங்கே போய்ப் பார்த்துவிடு. ஊருக்கு அப்புறம் வரலாம்.