யூதர் வீட்டு உண்டியல்



யூதர் வீடுகள் பலவற்றில் தகரத்திலோ மரத்திலோ செய்த சிறு உண்டியல் ஒன்று இருக்கும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் அதன் பெயர் புஷ்கே. அதில் விழும் காசு செதாக்கா. இந்த எபிரேயச் சொல்லைத் தருமம் என்று பெயர்ப்பது வழக்கம். பெயர்ப்பு மோசமில்லை, தருமம் என்றாலும் அறம், ஈகை இரண்டும்தான். ஆனால் செதாக்கா நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். மனம் இளகினால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. கொடுப்பது கடமை, வாங்குவது உரிமை.

உழவர் காலத்துச் சட்டமே இதைக் காட்டுகிறது. யூத வேதமான தோராவின்படி வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும். சிந்திய கதிரும் மறந்துபோன அரிக்கட்டும் ஏழைக்கே. இன்னாருக்குத்தான் என்று பொறுக்கிக் கொடுக்கும் அதிகாரம்கூட வயல்காரருக்குக் கிடையாது.

ஊர்களில் இது பொது ஏற்பாடானது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இரண்டு அமைப்புகளைச் சொல்கிறது: அன்றாடம் உணவு வழங்கும் தம்ஹூய், வாரம் ஒருமுறை பணம் வழங்கும் கூப்பா. 2 வேளைச் சாப்பாடு கையில் உள்ளவர் தம்ஹூயில் வாங்கக் கூடாது. 14 வேளைக்கு உள்ளவர் கூப்பாவில் வாங்கக் கூடாது. கூப்பாவுக்குப் பணம் திரட்ட இருவர் சேர்ந்து போக வேண்டும். அதைப் பங்கிட மூவர் வேண்டும். பங்கீடு பண வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பானது, அப்படிப்பட்ட வழக்கை விசாரிக்க மூன்று நடுவர் வேண்டும் என்பது காரணம்.

துளையிட்ட பெட்டியும் பழையதுதான். எருசலேம் ஆலயத்தில் யோய்தா என்ற ஆசாரியர் ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டுப் பலிபீடத்தருகே வைத்ததாக விவிலியம் கூறுகிறது. அது ஏழைகளுக்கன்று, ஆலயத்தைப் பழுதுபார்க்க. ஏழைகளுக்கென்று ஆலயத்தில் இரகசிய அறை ஒன்று இருந்ததாக மிஷ்னா சொல்கிறது. கொடுப்பவர் சத்தமின்றி வைத்துப் போவார்; நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் சத்தமின்றி எடுத்துக்கொள்வார்கள்.

வாங்குபவர் முகம் வாடக் கூடாது என்ற இந்தக் கவலைக்கு மிஷ்னாவின் விளக்க நூலான தல்மூதில் ஒரு கதை உண்டு. பாபிலோனியாவில் மார் உக்பா என்ற அறிஞர் அண்டை வீட்டு ஏழையின் கதவிடுக்கில் தினமும் 4 சூஸ் காசு போட்டுவிட்டுப் போவார். யாரென்று பார்க்க ஏழை ஒருநாள் கதவைத் திறந்து பின்தொடர்ந்தார். மார் உக்பாவும் மனைவியும் ஓடிப்போய், அப்போதுதான் நெருப்பை வாரிய அடுப்புக்குள் ஒளிந்தார்கள். அவர் கால்தான் சுட்டது. மனைவி தம் பாதத்தின்மேல் அவர் பாதத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எகிப்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிதிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாதது இரண்டாம் படி. உண்டியல் இதற்கு நெருங்கி வரும். கடனோ வேலையோ தொழில் கூட்டோ தந்து, இனி எவரிடமும் கையேந்தாதபடி செய்வது முதற்படி. ஒரே ஆளுக்கு 1000 பொற்காசை ஒருமுறை கொடுப்பதைவிட, ஒவ்வொரு காசாக 1000 முறை கொடுப்பதே கொடுப்பவர் குணத்தைப் பழக்கும் என்றும் எழுதினார். தினமும் காசு விழும் பெட்டிக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

வீடுகளில் வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்றும் முன் காசு போடுவார்கள். விளக்கேற்றிய பின் மறுநாள் இருட்டும்வரை பணத்தைத் தொடக் கூடாது. குழந்தை கையில் காசைக் கொடுத்துப் போடச் சொல்வதும் உண்டு. 18 என்ற எண்ணின் மடங்குகளில் கொடுப்பதில் பலருக்கு விருப்பம். உயிருள்ளது என்று பொருள்படும் ஹாய் என்ற எபிரேயச் சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 18 வரும். 1901இல் தொடங்கிய யூத தேசிய நிதியின் நீலப் பெட்டி பாலஸ்தீனத்தில் நிலம் வாங்கப் பணம் திரட்டியது. அதன் நோக்கம் வேறு. வடிவம் மட்டும் புஷ்கேயிலிருந்து வந்தது.

வருமானத்தில் பத்தில் ஒன்று நடுத்தர அளவு. ஐந்தில் ஒன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது. கொடுத்தவரே பிறகு கூப்பாவை நாடி வந்துவிடக் கூடாதல்லவா! கீழ்வரம்பில் யாருக்கும் விலக்கில்லை. செதாக்கா வாங்கிப் பிழைக்கும் ஏழையும் தமக்குக் கிடைத்ததிலிருந்து சிறிது கொடுக்க வேண்டும்.