பயிற்சி பெற்ற கைக்கு வேலை உண்டு



தேங்காய் முற்றிவிட்டது, மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை. இந்த இடர்ப்பாடு உங்கள் தோப்பிலும் நேர்ந்திருக்கும். அதே ஊரில் படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர்கள் வேலையின்றி இருப்பதையும் காண்கிறீர்கள். வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்; பயிற்சிதான் இல்லை.

ஆறு நாள் பயிற்சி

கயிறு கட்டி மரம் ஏறுவது, தந்தையிடம் மகன் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட தொழில். விழுந்தால் பிழைப்பே போய்விடும் என்பதால், ஏறியவர்களே தம் மக்களை இதற்கு அனுப்பத் தயங்கினர். இக்குறையைப் போக்கத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டு 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சியுடன் மரம் ஏறும் கருவியும் இலவசமாக வழங்கப்பட்டது. இரு பாதங்களையும் கருவியில் பதித்து, நின்றவாறே படிப்படியாக ஏறலாம். பெண்களும் ஏறிப் பழகினர்.

கூலி உயரும் வழி

காய் பறிக்க மட்டும் தெரிந்தவருக்கு அதற்கான கூலி மட்டுமே கிடைக்கும். பயிற்சி பெற்றவர் அதே ஏற்றத்தில் கொண்டையைச் சுத்தம் செய்வார். காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுப்பார். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உட்புற மூன்று மட்டை இடுக்குகளில் இடுவார். இதற்குத் தனிக்கூலி தருவது உங்களுக்கும் இலாபமே.

பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. ஏக்கருக்கு 70 மரங்கள். நாளொன்றுக்கு 40 மரம் ஏறுவதாகக் கொண்டால், ஓர் ஏக்கரில் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். அடுத்த வேலை 45 நாட்கள் கழித்துத்தான். அதுவரை அவர் காத்திருப்பாரா? நகரத்துக்குப் போய்விடுவார்; கற்ற தொழிலும் வீணாகும்.

ஓர் ஏக்கர் வீதம் உள்ள 20 விவசாயிகள் ஒன்று சேருங்கள். 1,400 மரங்கள், ஆண்டுக்கு 8 பறிப்பு, ஆக 11,200 ஏற்றங்கள். ஒருவருக்கு 280 நாள் வேலை நிச்சயம்.

ஆகவே, முதலில் குழுவாகக் கூடிக் கூலியையும் முறைநாளையும் பேசி முடிவு செய்யுங்கள். பின்னர் உங்கள் ஊர் இளைஞர் ஒருவரை, ஆணோ பெண்ணோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று பயிற்சி நாளை விசாரியுங்கள். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு அணியாமல் எவரையும் மரம் ஏற விடாதீர்கள்.