கன் அப்புறம், காத்து முதல்ல

தம்பி, நீ அனுப்பின ஸ்ப்ரே கன் படத்தை எல்லாம் பார்த்தேன். எல்லாமே பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல ஒண்ணுகூட உன்கிட்ட இருக்கிற கம்ப்ரஸர் படம் இல்லையே. அதை அனுப்பு முதல்ல. இருக்கிற காத்துக்குத் தகுந்த கன்னைத்தான் வாங்க முடியும். பெயிண்ட் கடை கல்லாவுல உட்கார்ந்து நான் பார்த்த வரைக்கும், வீட்ல கார் அடிக்கக் கிளம்புறவங்க நிறையப் பேர் ஆசைப்பட்டுக் கன்னை வாங்கிட்டு, "அக்கா, பெயிண்ட் துப்பித் துப்பி வருது"ன்னு அப்புறம் வந்து நிக்கிறாங்க. கன் மேல ஒரு குறையும் இருக்காது. காத்துதான் பத்தியிருக்காது.

கம்ப்ரஸர்ல எத்தனை எச்.பி.ன்னு பார்க்காதே. அது மோட்டாரோட பலம், வெளியே வர்ற காத்தோட அளவு இல்லை. நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து தருது, அதாவது எத்தனை சி.எஃப்.எம்.ங்கிறதுதான் கணக்கு. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. தகட்டுல பெருசா அடிச்சிருக்கிறது பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கிற அளவு. ஹோஸ் வழியா உன் கைக்கு வர்ற காத்தை எஃப்.ஏ.டி.ம்பாங்க. பிஸ்டன் கணக்குல மூணுல ரெண்டு பங்கு தேறினா அதிகம். பெல்ட் போட்ட 2 எச்.பி. கம்ப்ரஸர்ல நிஜமா 5லேருந்து 7 சி.எஃப்.எம். வரைக்கும் எதிர்பார்க்கலாம். டயருக்குக் காத்துப் பிடிக்கிற சின்ன 1 எச்.பி.ன்னா அதுல பாதிதான். கோயம்புத்தூர்லேருந்து வர்ற எல்ஜி மாதிரி பேர் போன கம்பெனின்னா விவரத் தாள்ல ரெண்டு கணக்கையும் பிரிச்சே போட்டிருப்பாங்க. கேட்டு வாங்கிப் பாரு.

இப்போ கன்னுக்கு வா. கன் டப்பாவுல காத்துத் தேவையை லிட்டர்ல போட்டிருந்தா 28ஆல வகுத்துக்கோ, சி.எஃப்.எம். கிடைச்சிடும். 280 லிட்டர்னா 10 சி.எஃப்.எம். அந்த நம்பர் உன் கம்ப்ரஸரோட நிஜ நம்பரைவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கணும். சமமா இருந்தா மோட்டார் நிக்காம ஓடிச் சூடாகும். அதிகமா இருந்தா பானெட் பாதி தாண்டும்போதே டேங்க்ல பிரஷர் இறங்கிடும். முதல் பாதி பவுடர் மாதிரி நைசா விழும், மீதி பாதி சொட்டுச் சொட்டா விழுந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி காயும். அதைத் தேய்ச்சுச் சமப்படுத்த வாட்டர் பேப்பரோட ரெண்டு நாள் உட்காரணும்.

நீ அனுப்பினதுல பாதிக்கு மேல எச்.வி.எல்.பி. ரகம். நிறைய காத்து, குறைஞ்ச பிரஷர்னு அர்த்தம். கன்னோட மூக்குல, அதான் ஏர் கேப்ல, 10 பி.எஸ்.ஐ.க்கு மேல போகாது. அதனால பெயிண்ட் அடிச்சுத் தெறிக்காம தகட்டுல போய் உட்காரும். பழைய ரக கன்னுல தகட்டுல தங்குறது மூணுல ஒரு பங்குதான், மீதி புகையாப் போயிடும். எச்.வி.எல்.பி.ல 65 சதவீதமாவது தங்கணும்னு ஒரு அளவுகோலே இருக்கு. பெயிண்ட் மிச்சம், புகையும் கம்மி, எல்லாம் சரி. ஆனா பெரிய சைஸ் எச்.வி.எல்.பி. கன் 10லேருந்து 14 சி.எஃப்.எம். வரைக்கும் குடிக்கும். வீட்டு 2 எச்.பி.ய வெச்சுக்கிட்டு அதுக்கு ஈடுகொடுக்க முடியாது.

உனக்குச் சரிப்படுறது எல்.வி.எல்.பி. காத்தும் கம்மி, பிரஷரும் கம்மி. 4, 5 சி.எஃப்.எம்.ல ஓடுற ரகம் கிடைக்கும். என்ன, பெயிண்ட் விசிறி மாதிரி விரியுற அகலம் கொஞ்சம் குறைவு, கை மெதுவாப் போகணும். வீட்ல அடிக்கிறவனுக்கு யார் அவசரப்படுத்தப் போறாங்க? இல்லேன்னா இவாட்டா டபிள்யூ-71 மாதிரி பழைய வழக்கமான சின்ன கன். நம்ம ஊர் பட்டறைங்கள்ல காலங்காலமா ஓடுறது. புகை ஜாஸ்தி வரும், ஆனா பழகின கைங்க இன்னும் அதைத்தான் கேட்டு வாங்குது. ஸ்பேர் எங்க போனாலும் கிடைக்கும்கிறது பெரிய விஷயம். ஜெர்மன் சாட்டா மேல ஆசைப்படாதே. அந்தக் காசுக்கு நீ அடிக்கப் போற மாருதி 800 ஒண்ணு வாங்கிடலாம்.

கப் மேல இருக்கிறதையே வாங்கு. கிராவிட்டின்னு கேட்டாத் தருவாங்க. பெயிண்ட் தானா இறங்கும், கடைசிச் சொட்டு வரைக்கும் வரும். கீழ கப் தொங்குற சக்ஷன் ரகத்துல அடியில தங்கினது வீண், நிரப்பினா மணிக்கட்டும் வலிக்கும். கேட்டு, கிரில் அடிக்க அது ஓகே. பிளக்ல சொருகி ஓட்டுற எலக்ட்ரிக் ஸ்ப்ரேயரும் அப்படித்தான், சுவத்துக்கும் கேட்டுக்கும் போதும். கார் பக்கமே கொண்டு போகாதே.

நாசிலுக்கு ஒரே கணக்கு. தண்ணியா இருக்கிற பெயிண்ட்டுக்குச் சின்ன ஓட்டை, கெட்டியா இருக்கிறதுக்குப் பெரிய ஓட்டை. கலருக்கும் அதுக்கு மேல பூசுற கிளியருக்கும் 1.3 இல்லேன்னா 1.4. கலருக்கு அடியில பூசுற சர்ஃபேசருக்கு 1.7, 1.8. கண்ணாடிக் கூடு, பம்பர் ஓரத்துக் கீறல் மாதிரி சின்ன இடத்துக்கு 0.8 இல்லேன்னா 1.0 போட்ட குட்டி கன். ஒரே கன்ல நாசிலை மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு கடைக்காரர் சொல்வார். நாசில், ஊசி, ஏர் கேப் மூணும் ஒரு செட், சேர்த்துத்தான் மாத்தணும். அந்தச் செட் விலையில நீ மலிவா இன்னொரு கன்னே வாங்கிடலாம். நான் சொல்றது இதுதான்: சர்ஃபேசருக்கு ஆயிரம் ரூபா சுத்துல ஒரு சுமாரான 1.7 கன், கலருக்கு மட்டும் நல்ல 1.3. சர்ஃபேசர் போன கன்னை எவ்வளவு கழுவினாலும் எங்கேயோ ஒரு துகள் ஒளிஞ்சிருக்கும். வெள்ளைக் கலர் அடிக்கிற அன்னிக்குத்தான் அது வெளியே வரும்.

கடைக்குப் போனா டப்பாவைப் பிரிக்காம காசு கொடுக்காதே. டிரிகரை மெதுவா இழு. பாதி இழுப்புல காத்து மட்டும், முழு இழுப்புல பெயிண்ட், அப்படி ரெண்டு கட்டமா கைக்குத் தெரியணும். பின்னாடி இருக்கிற குமிழைக் கழட்டி ஊசியை வெளியே எடுத்து, கவுண்டர் கண்ணாடி மேல உருட்டு. வளைஞ்சிருந்தா துள்ளும். ஏர் கேப்பைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, ஓட்டை எல்லாம் வட்டமா, பிசிறு இல்லாம இருக்கணும். நாசிலும் ஊசியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான்னு கேளு.

கடையில கம்ப்ரஸர் இருந்தா கப்ல கொஞ்சம் தின்னர் ஊத்தி, பழைய நியூஸ்பேப்பரைச் சுவத்துல ஒட்டி ஒரு சாண் தள்ளி நின்னு, ஒரே நொடி டிரிகரை இழுத்து விடு. விழுற ஈரம் நீளமா, ரெண்டு முனையும் மெலிஞ்சு, நடு ஒரே சீரா இருக்கணும். ஒரு பக்கம் தடிச்சு விழுந்தா உடனே கன்னைத் தூக்கிப் போடாதே. ஏர் கேப்பை அரைச் சுத்துத் திருப்பி இன்னொரு தடவை அடி. தடிப்பு அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் மாறினா ஏர் கேப்ல கோளாறு. மாறாம அங்கேயே இருந்தா நாசில்ல கோளாறு. புது கன்ல ரெண்டுமே ஆகாது, வேற பீஸ் கேளு. வாஷர், பேக்கிங், நாசில் செட் தனியாக் கிடைக்குமான்னும் கேளு. "அதெல்லாம் வராதுப்பா, புதுசுதான் வாங்கணும்"னு சொன்னா அந்தக் கன்னே வேண்டாம்.

கன்ல மிச்சம் பிடிக்கிற காசை மத்த சாமானுக்குப் போடு. முதல்ல வாட்டர் டிராப்பும் ரெகுலேட்டரும். நம்ம கடலோர ஊர்க் காத்துல ஈரம் எவ்வளவுன்னு உனக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில சாயங்காலம் டேங்க் அடியில இருக்கிற வால்வைத் திறந்தா டம்ளர் கணக்குல துருத் தண்ணி ஊத்தும். அது ஹோஸ் வழியா வந்தா பெயிண்ட்ல குட்டிக் குட்டிப் பள்ளமா விழும். டிராப்பைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டாதே. அங்க காத்து சூடா இருக்கும், ஈரம் ஆவியாவே தாண்டிப் போயிடும். சில மீட்டர் ஹோஸ் ஓடி, காத்து ஆறின இடத்துல மாட்டினாத்தான் தண்ணி பிரியும். டேங்க்கைத் தினமும் வடிச்சு விடு. மழை நாள்ல என்.சி. பெயிண்ட்டை, அதான் ஹார்டனர் இல்லாம தின்னர் மட்டும் கலக்குறதை, எடுக்கவே எடுக்காதே, காயும்போதே வெள்ளையாப் பூத்துப் போகும். ஆடி மாசமும் வேண்டாம், அடிக்கிற காத்துல தெருப் புழுதி மொத்தமும் பானெட்ல வந்து உட்காரும்.

ஹோஸ் உள் அளவு 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஒல்லி ஹோஸ்ல வழியிலேயே பிரஷர் செத்துப் போகும். ரெகுலேட்டர்ல பிரஷர் வைக்கும்போது டிரிகரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வை. சும்மா நிக்கும்போது காட்டுற நம்பரை நம்பாதே. அப்புறம், கம்ப்ரஸரை வண்டி பக்கத்துல கொண்டு போகணும்னு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகிடாதே. 2 எச்.பி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட்டைப் பல மடங்கு இழுக்கும், மெல்லிசு ஒயர் சூடேறி உருகும். மோட்டார் 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் பக்கத்துலேயே இருக்கட்டும். நீட்டணும்னா காத்து ஹோஸை நீட்டு.

இப்போ நான் கண்டிப்பாச் சொல்ற விஷயம். ஹார்டனர் கலக்குற பெயிண்ட், அதான் 2கே கிளியர், பி.யூ. கலர், 2கே சர்ஃபேசர், இதை எல்லாம் வீட்ல ஸ்ப்ரே பண்ணாதே. அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. நுரையீரல்ல போனா ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமப் போயிட்டா, அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். வாசனையை வெச்சுக் கண்டுபிடிச்சிடலாம்னு நினைக்காதே, மூக்குக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அளவு தாண்டியிருக்கும். அதனாலதான் நல்ல பட்டறைங்கள்ல வெளிக்காத்து வர்ற முழு முகமூடி போட்டுக்கிட்டு, ஸ்ப்ரே பூத்துக்குள்ள நின்னு அடிக்கிறாங்க. இதுல பார்த்தா ஸ்ப்ரே கன் பிறந்த கதையே ஒரு வேடிக்கை. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து டொலிடோ ஊர்ல டிவில்பிஸ்னு ஒரு டாக்டர் இருந்தார். தொண்டைக்கு மருந்தைப் புகையா அடிக்க ஒரு கருவி செஞ்சார். அதுக்காக 1888ல ஒரு கம்பெனியும் தொடங்கினார். அவர் மகன் காலத்துல அந்த யோசனை பெயிண்ட்டுக்கு வந்தது. தொண்டையைக் குணமாக்கப் பிறந்த சாமானால நீ தொண்டையைக் கெடுத்துக்காதே.

உன் 800க்கு என்.சி.யே போதும். பி.யூ. அளவு பளபளப்பும் உழைப்பும் வராது, நிறைய கோட் கொடுத்துப் பாலிஷ் போடணும், ஆனா வீட்ல அடிக்கத் தோதானது. கிளியர்தான் வேணும்னா பட்டி, தேய்ப்பு வேலை எல்லாம் நீயே முடிச்சுட்டு, மேல்பூச்சுக்கு மட்டும் பூத் இருக்கிற பட்டறையில விடு. கூலியில பெரும்பங்கு தேய்க்கிற வேலைக்குத்தான், அது உனக்கு மிச்சம். என்.சி.ன்னாலும் துணி மாஸ்க் வேலைக்கு ஆகாது. தின்னர் ஆவியைப் பிடிக்கிற கரி கார்ட்ரிட்ஜ் வெச்ச ரப்பர் மாஸ்க் வாங்கு, கண்ணாடி போடு, கை மூடின சட்டை போடு. கார் ஷெட் கதவைத் திறந்து வை. அம்மா விளக்கேத்துற நேரம், அடுப்பு எரியுற நேரம் கன்னை எடுக்காதே. தின்னர் ஆவி தரையோட ஊர்ந்து போய்த் தீயைப் பிடிச்சுக்கும். பக்கத்து வீட்ல துணி காயப் போட்டிருக்காங்களா, வண்டி நிறுத்தியிருக்காங்களான்னும் ஒரு எட்டுப் பார்த்துக்கோ. புகை ரொம்ப தூரம் போகும்.

வேலை முடிஞ்சதும் கன்னை முழுசாத் தின்னர்ல ஊறப் போடுற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. உள்ளே இருக்கிற வாஷர் எல்லாம் ஊதிப் போகும். கப்ல கொஞ்சம் தின்னர் ஊத்தி அடிச்சு விட்டு, நாசிலையும் ஏர் கேப்பையும் கழட்டி மெல்லிசு பிரஷ்ஷால தேய். குண்டூசி, கம்பி எதையும் ஓட்டைக்குள்ள விடாதே. ஊசியில ஒரு சொட்டு எண்ணெய் தடவு. சிலிகான் கலந்த எண்ணெய் வேண்டாம், அடுத்த தடவை பெயிண்ட் ஒட்டாம வட்டம் வட்டமா விலகும்.

அப்புறம் உன் வண்டி பழைய வெள்ளைங்கிறது உன் அதிர்ஷ்டம். மெட்டாலிக் சில்வரா இருந்திருந்தா வீட்ல தொடவே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ஒரு கதவை இன்னிக்கும் இன்னொண்ணை நாளைக்கும் அடிச்சா ரெண்டும் ரெண்டு நிறமாத் தெரியும். வெள்ளையிலேருந்து சிவப்புக்கு மாத்தலாமான்னு கேட்டியே, ஆர்.சி.யில வண்டி நிறமும் பதிவாகியிருக்கு, மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முறைப்படி எழுதிக் கொடுத்து மாத்தணும். வெள்ளையையே அடி. ஆனா கம்பெனி கலர் நம்பரை மட்டும் சொல்லி பெயிண்ட் கலக்கச் சொல்லாதே, வெயில்ல நின்னு நின்னு உன் வெள்ளை மஞ்சள் ஏறியிருக்கும். பெட்ரோல் டேங்க் மேல இருக்கிற சின்ன மூடியைக் கழட்டிக் கையோட கொண்டு வா. அதை வெச்சு வெளிச்சத்துல ஒப்பிட்டு நானே கலந்து தர்றேன்.